ஹைதியின் 2018 இளம் பெண்கள் அணி: மூன்று ஆட்டமும் தோற்றவர்கள் ஏன் இன்னும் பேசப்படுகிறார்கள்?

கேள்வி இது: "ஹைதியின் இருபது வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணி 2018 உலகக் கோப்பைக்குப் போய், மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியது. அதை ஏன் சாதனை என்கிறார்கள்? அவ்வளவு வறிய நாடு எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது? அதன் பிறகு அந்த அணி என்ன ஆயிற்று?"

முதல் கேள்விக்கான பதில் ஸ்கோரிலேயே இருக்கிறது. சீனாவிடம் 1-2. நைஜீரியாவிடம் 0-1. ஜெர்மனியிடம் 2-3. ஒவ்வொரு தோல்வியும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில். எதிரணிகள் யார் என்றும் பாருங்கள். ஜெர்மனி இந்தக் கோப்பையை அதற்கு முன் மூன்று முறை வென்ற நாடு: 2004, 2010, 2014. நைஜீரியா 2010-இலும் 2014-இலும் இறுதியாட்டம் வரை வந்தது. சீனா 2004-இலும் 2006-இலும் இறுதியாட்டம் ஆடியது. அதாவது ஹைதி விழுந்த பிரிவில் இருந்த மற்ற மூன்று அணிகளுமே இந்தப் போட்டியின் இறுதியாட்டத்தைப் பார்த்தவை. அந்தப் பிரிவில் முதல் முறையாக வந்த ஓர் அணி மொத்தம் ஆறு கோல் வாங்கி மூன்று கோல் போட்டுவிட்டு வெளியேறியது. அட்டவணையில் அது பூஜ்யம் புள்ளிதான். ஆனால் கால்பந்து பார்க்கத் தெரிந்தவர்கள் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போவதில்லை.

இதோடு ஒப்பிட நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2022-இல் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்கு நேரடி இடம் கிடைத்தது. அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. அந்தப் பெண்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வயதில் அந்த மேடையில் நிற்பதே பெரிது. நடத்தும் நாடாக உள்ளே வருவதற்கும், தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து உள்ளே வருவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது இந்த எண்களில் தெரிகிறது. ஹைதி இரண்டாவது வழியில் வந்தது.

ஹைதிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அவர்களின் ஆண்கள் அணி 1974-இல் மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் ஆடியது. இத்தாலியிடம் 1-3, போலந்திடம் 0-7, அர்ஜென்டினாவிடம் 1-4. மூன்றும் தோல்வி, பதினான்கு கோல் வாங்கினார்கள். ஆனாலும் அந்த நாட்டில் இன்று வரை பேசப்படுவது இத்தாலி ஆட்டத்தில் இமானுவேல் சனோன் போட்ட கோல்தான். இத்தாலியின் கோல்கீப்பர் டினோ ஜோஃப் சர்வதேச ஆட்டங்களில் 1,142 நிமிடங்கள் கோல் வாங்காமல் இருந்தவர். அந்தக் கணக்கை முடித்து வைத்தவர் சனோன். இப்படி ஒரு கோலை நாற்பது வருடத்துக்கு மேல் மனத்தில் வைத்திருந்த நாட்டுக்கு, 2018-இல் பெண் பிள்ளைகள் ஜெர்மனிக்கு எதிராகவே இரண்டு கோல் போட்டது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி, அங்கே எப்படிப் போனார்கள் என்பது.

வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் மூன்றும் சேர்ந்த கால்பந்துக் கூட்டமைப்பு கொன்காகாஃப். அதற்கு அப்போது இருபது வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் மூன்று இடங்கள். மூன்று இடம் என்றால் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் அந்த மூன்று நாற்காலிகளிலும் துண்டு போட்டு வைத்திருந்த காலம் அது. கோஸ்டாரிகா 2010-இலும் 2014-இலும் உள்ளே வந்தது. மற்றபடி வேறு யாருக்கும் வழியில்லை. 2014-இல்கூடக் கனடா போட்டியை நடத்தும் நாடாகத் தனி இடம் பெற்றுவிட்டதால்தான் ஓர் இடம் காலியானது.

2018 ஜனவரியில் தகுதிப் போட்டி டிரினிடாடில், கூவா நகரத்து ஆட்டோ போல்டன் மைதானத்தில் நடந்தது. எட்டு அணிகள். ஒரு பிரிவில் டிரினிடாட் டொபேகோ, கனடா, கோஸ்டாரிகா, ஹைதி. மற்றதில் அமெரிக்கா, மெக்சிகோ, ஜமைக்கா, நிகராகுவா. ஹைதி அரையிறுதிக்கு வந்ததே பலருக்கு ஆச்சரியம். அங்கே அமெரிக்கா, பெனால்டி வரை இழுத்துக்கொண்டு போய்த்தான் ஹைதியைத் தாண்ட முடிந்தது. இன்னொரு அரையிறுதியில் கனடா மெக்சிகோவிடம் தோற்றது. அதனால் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், வழக்கமாக யாரும் கண்டுகொள்ளாத அந்த ஆறுதல் ஆட்டம், இம்முறை உலகக் கோப்பைக்கான கடைசி டிக்கெட்டாக மாறியது. ஹைதி 1, கனடா 0. கோல் நெரிலியா மொந்தெசிருடையது.

கனடாவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆட்டம் முடிந்து மூன்றரை ஆண்டுகளில் கனடாவின் மூத்த பெண்கள் அணி டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது. அப்படிப்பட்ட நாட்டின் இளையோர் அணியை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டு பிரான்சுக்குப் போனது ஹைதி.

"முதல் கரீபியன் அணி" என்று இவர்களைப் பற்றி எழுதுகிறார்களே, அது சரியா என்று சிலர் கேட்பதுண்டு. சின்ன விளக்கம் வேண்டும். 2010-இல் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையை டிரினிடாட் டொபேகோ நடத்தியது. நடத்தும் நாடாக அதன் அணி ஆடியது. ஜமைக்காவின் மூத்த அணி 2019 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது 2018 அக்டோபரில். ஹைதியின் பெண்கள் அதற்கு ஒன்பது மாதம் முந்தியவர்கள். ஆகவே களத்தில் ஆடித் தகுதி பெற்று பெண்கள் உலகக் கோப்பை ஒன்றுக்குள் நுழைந்த முதல் கரீபியன் அணி என்று சொன்னால் சரியாக இருக்கும். ஜமைக்காவின் சாதனைக்குக் கிடைத்த உலகக் கவனம் இதற்குக் கிடைக்கவில்லை. இளையோர் போட்டி என்பதும், ஹைதி என்றாலே பூகம்பத்தையும் வறுமையையும் தவிர வேறு செய்தி தேடாத ஊடகப் பழக்கமும் காரணம் என்று நினைக்கிறேன்.

கரீபியனில் ஒரு பெண்கள் இளையோர் அணியை உருவாக்குவது ஏன் இவ்வளவு கடினம்? பணம் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அது பாதிப் பதில்தான். பெரும்பாலான தீவுகளில் மக்கள்தொகையே சில லட்சங்கள். டிரினிடாடில் சுமார் 14 லட்சம், ஜமைக்காவில் 28 லட்சம். அதில் கால்பந்து ஆடும் பதினைந்து வயதுப் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆண்டு முழுவதும் நடக்கும் பெண்கள் லீக் இருக்காது. பள்ளிப் போட்டிகள் சில வாரங்களில் முடிந்துவிடும். பக்கத்துத் தீவோடு ஒரு நட்பு ஆட்டம் ஆட வேண்டுமென்றாலும் விமானம்தான். அதுவும் பல நேரம் மயாமி வழியாகச் சுற்றிக்கொண்டு, அமெரிக்க விசாவோடு. கூட்டமைப்பில் கையிருப்பு குறைந்தால் முதலில் வெட்டு விழுவது பெண்கள் அணியில், அதிலும் முதலில் இளையோர் அணியில். மூத்த அணி ஏதாவது ஒரு போட்டியில் தோற்றால் போதும், "எதற்கு இந்தச் செலவு" என்று கேட்க ஆள் இருக்கிறது. ஜமைக்காவில் இதுதான் நடந்தது. அங்கே பெண்கள் அணி கலைக்கப்பட்டுச் சில ஆண்டுகள் இல்லாமலே இருந்தது. 2014-இல் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லி நிதி திரட்டி மீட்ட பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. ஓர் இசைக் குடும்பத்தின் வாரிசு முன்வந்தால்தான் ஒரு தேசிய அணி நிற்கும் என்ற நிலையை எந்தக் கால்பந்துக் கூட்டமைப்பும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இந்தக் கஷ்டத்தைத் தாண்ட கரீபியன் நாடுகளுக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஆங்கிலம் பேசும் தீவுகள் அமெரிக்கக் கல்லூரிகளை நம்புகின்றன. பள்ளி முடித்த பெண் விளையாட்டு உதவித்தொகையில் அமெரிக்கா போவாள். படிப்பும் ஆட்டமும் அங்கே நடக்கும். ஜமைக்காவின் கதீஜா ஷா இந்தப் பாதையில் போனவர். ஸ்பானிஷ் டவுனில் வளர்ந்து, பதினாலு வயதிலிருந்தே இளையோர் அணிகளில் ஆடி, ஃபுளோரிடாவில் ஒரு கல்லூரி, பிறகு டென்னஸி பல்கலைக்கழகம், அப்புறம் பிரான்சின் போர்தோ, இப்போது இங்கிலாந்து கிளப் கால்பந்தின் மிகப் பெரிய கோல் வேட்டைக்காரிகளில் ஒருவர். இந்தப் பாதையில் ஒரு சிக்கல்: உங்கள் வீராங்கனைகள் பத்துப் பதினைந்து ஊர்களில் சிதறிக் கிடப்பார்கள். தகுதிப் போட்டிக்குச் சில நாள் முன்பு விமான நிலையத்தில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள்.

ஹைதி எடுத்தது மற்ற பாதை. எல்லோரையும் ஒரே இடத்தில் தங்க வைத்து வளர்ப்பது.

தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்குப் பக்கத்தில் குரோவா-தே-பூக்கே என்ற ஊர். அங்கே உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் உதவியோடு எழுந்த தேசியப் பயிற்சி மையம் இருந்தது. ஊர்க்காரர்கள் அதை "ரான்ச்" என்பார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து அங்கேயே தங்க வைத்தார்கள். சாப்பாடு, படிப்பு, காலை மாலை பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில். ஒரு ஹைதிப் பெற்றோருக்கு இதன் பொருள் என்ன என்பதையும் மறந்துவிடக் கூடாது: மகளுக்கு மூன்று வேளை உணவும் பள்ளியும் உறுதி. பன்னிரண்டில் பதினேழு வயதுக்குட்பட்ட அணி, பதினைந்தில் இருபதுக்குட்பட்ட அணி, பதினேழில் மூத்த அணி என்று ஒரே கூட்டம் ஒன்றாக மேலேறியது. பந்தை வாங்குமுன்பே பக்கத்தில் இருப்பவள் எந்தப் பக்கம் ஓடுவாள் என்று தெரிந்த ஆட்டம் இப்படித்தான் வருகிறது. அமெரிக்காவிடமும் கனடாவிடமும் இல்லாத ஒரே அனுகூலம் ஹைதியிடம் இருந்தது என்றால் இதுதான். உடல் வலு, உணவியல் நிபுணர், மருத்துவர், காணொளிப் பகுப்பாய்வு எல்லாவற்றிலும் பின்தங்கிய ஓர் அணி, ஒருவரையொருவர் அறிந்திருப்பதில் முந்தி நின்றது.

இந்த ஏற்பாட்டின் பின்னால் ஒரு பேரழிவும் இருக்கிறது. 2010 ஜனவரி 12 பூகம்பத்தில் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமை அலுவலகம் இடிந்து விழுந்தது. உள்ளே கூட்டத்தில் இருந்த பலர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜீன்-ஈவ் லபாஸ். 2007-இல் தென்கொரியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு ஹைதியின் பையன்களை அழைத்துப் போன பயிற்சியாளர். பூகம்பம் வந்தபோது அவர் பொறுப்பில் இருந்தது பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி. தலைநகரின் முக்கிய மைதானமான சில்வியோ காட்டோர் வீடிழந்தவர்களின் கூடாரங்களால் நிறைந்தது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்கள் கோஸ்டாரிகாவில் தகுதிப் போட்டிக்கு வந்து நின்றார்கள். அமெரிக்காவிடம் 0-9. அந்த ஆட்டத்தைப் பற்றி அன்றைக்கு வந்த செய்திகளில் உருக்கம் நிறைய இருந்தது. ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை.

2018 உலகக் கோப்பையில் ஆட 1998 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால், கூவாவில் அமெரிக்காவைப் பெனால்டி வரை இழுத்த பெண்கள் பூகம்பத்தின்போது ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக் குழந்தைகள். எட்டு ஆண்டுகளில் 0-9 என்பது பெனால்டித் தோல்வியாகச் சுருங்கியது. என்னைக் கேட்டால் இந்த முழுக் கதையிலும் பிரான்சில் நடந்த மூன்று ஆட்டங்களைவிட இந்த இடைவெளிதான் பேசப்பட வேண்டியது. அதிசயம், விதி, கண்ணீர் என்று எழுதுகிறவர்கள் எட்டு வருடப் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள்.

அணியைப் பற்றிச் சொல்கிறேன். பயிற்சியாளர் மார்க் கோலா, பிரெஞ்சுக்காரர், மார்த்தினிக் தீவில் பிறந்தவர். ஹைதி ஆண்கள் அணியையும் பயிற்றுவித்த அனுபவம் உள்ளவர். அணியின் முகம் மொந்தெசிர், 1999-இல் பிறந்தவர். ரசிகர்கள் "நெரிகோல்" என்று பெயரையும் கோலையும் சேர்த்து அழைத்தார்கள். உலகக் கோப்பைக்கு ஓராண்டு முன்பே பிரான்சின் மோன்பெலியே கிளப்பில் சேர்ந்திருந்தார். இடது கால்காரி, விளிம்பிலிருந்து உள்ளே வெட்டி வருவதும், நின்ற பந்தை அடிப்பதும் அவர் கை வந்த கலை என்று சொல்ல நினைத்து, கால் வந்த கலை என்று திருத்திக்கொள்கிறேன். கோல் கம்பத்தில் கெர்லி தெயுஸ். நடுக்களத்தில் ஷெர்லி ஜூதி.

பிறகு மெல்ஷி துமோர்னே. மிர்பலே ஊர்க்காரி, செல்லப் பெயர் கோர்வென்டினா. 2003 ஆகஸ்ட் 17 பிறந்த தேதி. ஹைதியின் கடைசி ஆட்டம் 2018 ஆகஸ்ட் 13. அதாவது இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஹைதிக்கு முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் அவருக்குப் பதினைந்து நிறைந்தது. எதிரில் நின்ற ஜெர்மன் பெண்களில் பலர் அவரைவிட ஐந்து வயது மூத்தவர்கள். அந்த வயதில் ஐந்து ஆண்டு என்பது உயரம், எடை, வேகம் எல்லாவற்றிலும் ஒரு தலைமுறை. குட்டையான, அகன்ற தோள் கொண்ட பெண்; பந்தை வாங்கித் திரும்பும்போதே எதிராளி ஒரு அடி பின்னே போயிருப்பாள். இந்தத் திரும்புதலைப் பதினாலு வயதில் பார்த்தவர்கள் அப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

போட்டி நடந்தது பிரான்சின் பிரிட்டனி வட்டாரத்தில், ஆகஸ்ட் 5 முதல் 24 வரை. ஜப்பான் ஸ்பெயினை 3-1 என்று வென்று கோப்பையை எடுத்தது. ஹைதியை உற்று நோக்கியவர்கள் பிரெஞ்சு கிளப்புகளின் ஆட்கள். மொழி ஒன்று, கடவுச்சீட்டுச் சிக்கல்கள் தெரிந்த சிக்கல்கள், சம்பளமும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். அடுத்த சில ஆண்டுகளில் இந்த அணியிலிருந்து ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் பிரெஞ்சு லீகுக்குப் போனார்கள். துமோர்னே 2021-இல் பதினெட்டு வயதானதும் ரீம்ஸ் கிளப்புக்கு. 2023-இல் லியோனுக்கு. பெண்கள் கிளப் கால்பந்தில் லியோன் என்றால் என்ன என்பதைத் தெரியாதவர்களுக்கு: ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகை எட்டு முறை வென்ற கிளப்.

இப்போது சங்கடமான பகுதி. இதைத் தவிர்த்துவிட்டு இந்த அணியைப் பற்றி எழுதுவது நேர்மையாக இருக்காது.

2020 ஏப்ரல் இறுதியில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. குரோவா-தே-பூக்கே மையத்தில் தங்கியிருந்த இளம் வீராங்கனைகள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டார்கள் என்றும், அதைச் செய்தவர் கூட்டமைப்பின் அப்போதைய தலைவரே என்றும் குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். ஃபிஃபா முதலில் அவரை இடைநீக்கம் செய்தது. 2020 நவம்பரில் அதன் நெறிமுறைக் குழு ஆயுள் தடையும் பத்து லட்சம் சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. அவர் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்தில் முறையிட்டார். 2023 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம் போதிய ஆதாரம் இல்லை என்று தடையை நீக்கியது. சாட்சி சொல்ல வந்தவர்கள் மிரட்டப்பட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகளும் வீரர் சங்கங்களும் தொடர்ந்து சொல்லி வந்தன. இடையில் கூட்டமைப்பை நடத்த ஃபிஃபா ஒரு தற்காலிகக் குழுவை அமர்த்தியது.

நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதற்கு மேல் நான் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அமைப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மேலே நான் புகழ்ந்த அதே ஏற்பாட்டை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பெண், வீட்டிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில், உணவு, படிப்பு, அணியில் இடம், வெளிநாட்டு வாய்ப்பு, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் ஒரே அலுவலகத்தை நம்பியிருக்கிறாள். புகார் சொல்ல வேண்டுமென்றால் அந்த அலுவலகத்திடமே சொல்ல வேண்டும். இந்த வகை மையங்களை நடத்தும் எந்த நாடாக இருந்தாலும், வெளியிலிருந்து கேள்வி கேட்க ஒருவர் இல்லாவிட்டால் ஆபத்து அங்கே குடியிருக்கும். ஃபிஃபா கட்டடத்துக்குப் பணம் கொடுத்தது. அந்தக் கட்டடத்தில் இரவு தங்கும் குழந்தைகளை யார் கவனிக்கிறார்கள் என்று கேட்க அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அணியின் வெற்றியைச் சொல்லும் கட்டுரைகள் மையத்தைக் கொண்டாடும். முறைகேட்டைச் சொல்லும் கட்டுரைகள் வெற்றியைப் பற்றி வாய் திறக்காது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தவை.

அந்தத் தீர்ப்பு வெளிவந்த அதே மாதத்தில், பூமியின் மறுகோடியில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஹைதியின் மூத்த பெண்கள் அணி ஆடிக்கொண்டிருந்தது. அங்கே வருவதற்கு முன் 2022 ஜூலையில் மெக்சிகோவின் மோன்தெர்ரே நகரத்தில், மெக்சிகோவை அதன் சொந்த ரசிகர்கள் முன்னால் 3-0 என்று வென்றிருந்தார்கள். அதனால் கிடைத்தது உலகக் கோப்பைக்கான கடைசிக் கட்டத் தகுதிச் சுற்று. ஆக்லாந்தில் முதலில் செனகலை 4-0. 2023 பிப்ரவரி 22 அன்று சிலியை 2-1. இரண்டு கோலும் துமோர்னே. இரண்டாவது, தொண்ணூறு நிமிடம் கடந்து கூடுதல் நேரத்தில். ஹைதி முதல் முறையாக மூத்த பெண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

அந்த அணியின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். தலைவி மொந்தெசிர். கோல் கம்பத்தில் தெயுஸ். கூடவே ஜூதி, துமோர்னே. ஐந்து ஆண்டு முன்பு பிரிட்டனியில் தோற்றவர்கள்தான் அணியின் முதுகெலும்பு. 2023 உலகக் கோப்பையில் இங்கிலாந்திடம் 0-1, சீனாவிடம் 0-1, டென்மார்க்கிடம் 0-2. மறுபடியும் மூன்று தோல்வி, மறுபடியும் மெல்லிய இடைவெளி. இங்கிலாந்து அப்போது ஐரோப்பிய சாம்பியன். அந்த உலகக் கோப்பையில் இறுதியாட்டம் வரை போனது. ஹைதிக்கு எதிராக அதற்குக் கிடைத்த ஒரே கோல் பெனால்டி, அதுவும் முதல் அடியைத் தெயுஸ் தடுத்து, அவர் கோல் கோட்டைத் தாண்டி முன்னே வந்துவிட்டார் என்று நடுவர் திரும்ப அடிக்கச் சொன்ன பிறகு. இளையோர் அணி எதற்கு என்று கேட்கும் கூட்டமைப்பு அதிகாரிகளுக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது: கோப்பைக்காக அல்ல, ஐந்து வருடம் கழித்து வரும் மூத்த அணிக்காக.

கடைசியாக, "பிறகு என்ன ஆயிற்று, ஏன் இருபது வயதுக்குட்பட்ட அணி மறுபடி அந்த உயரத்துக்கு வரவில்லை" என்பது.

2020 உலகக் கோப்பை கொரோனாவால் ரத்தானது. 2022-இல் கோஸ்டாரிகா நடத்தியது. கொன்காகாஃபிலிருந்து அதோடு அமெரிக்கா, மெக்சிகோ, கனடா. 2024-இல் கொலம்பியாவில் போட்டி இருபத்து நான்கு அணிகளாக விரிந்தது. கொன்காகாஃபுக்கு நான்கு இடம் கிடைத்தது. கூடுதலாக வந்த அந்த நான்காவது இடமும் கோஸ்டாரிகாவுக்கே போனது. கரீபியனிலிருந்து யாரும் இல்லை.

ஹைதியைப் பொறுத்தவரை காரணம் கால்பந்துக்கு வெளியே இருக்கிறது. 2021 ஜூலையில் அதிபர் ஜோவெனெல் மொயிஸ் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் குழுக்களின் கையில் விழுந்தது. பயிற்சி மையம் இருந்த குரோவா-தே-பூக்கே வட்டாரம், வெளிநாட்டு மதப்பணியாளர்களைக் கடத்திய ஒரு குழுவின் கோட்டையாக மாறியது. 2024 மார்ச்சில் சில்வியோ காட்டோர் மைதானத்தையும் ஆயுதக் குழு கைப்பற்றியதாகக் கூட்டமைப்பு அறிவித்தது. ஹைதியின் தேசிய அணிகள் தங்கள் "சொந்த மண்" ஆட்டங்களை வேறு நாடுகளில் ஆடுகின்றன. 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஆண்கள் அணிகூட அந்தத் தகுதியைக் குராசாவ் தீவில்தான் உறுதி செய்தது. அந்த ஆண்கள் அணியில் பெரும்பாலோர் வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் அல்லது வெளிநாட்டில் ஆடுகிறவர்கள். அவர்களுக்கு உள்நாட்டு மைதானம் இல்லாதது பெரிய இழப்புதான், ஆனால் தாங்கக்கூடியது. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அப்படியில்லை. மிர்பலேயிலிருந்து ஒரு சிறுமியைக் கண்டெடுத்துத் தலைநகருக்கு அழைத்துவர வேண்டுமென்றால் முதலில் சாலை திறந்திருக்க வேண்டும். மிர்பலே ஊரே 2025-இல் ஆயுதக் குழுக்களின் தாக்குதலுக்கு உள்ளானது.

ஆகவே ஹைதியும் மெல்ல மற்றத் தீவுகளின் பாதைக்கு நகர்கிறது: ஃபுளோரிடா, நியூயார்க், மொன்ட்ரியால், பாரிஸ் புறநகர் ஆகிய இடங்களில் வாழும் ஹைதிக் குடும்பங்களின் பெண்களைத் தேடுவது. திறமைக்குப் பஞ்சமில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் ஹைதி வம்சாவளிப் பெண்கள் ஏற்கெனவே மூத்த அணியில் இருக்கிறார்கள். டேனியல் எத்தியேன் அப்படி வந்தவர். ஆனால் இவர்களுக்குக் கூவாவில் ஆடிய அணியின் பழக்கம் வராது. வருடத்தில் சில வாரம் சந்திக்கும் அணி வேறு, ஒரே விடுதியில் ஐந்து வருடம் உண்டு உறங்கிய அணி வேறு. பாதுகாப்பு என்று பார்த்தால் பிள்ளைகள் தத்தம் பெற்றோரிடம் இருப்பதே மேல் என்று நினைக்கிறேன், ஆட்டத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தாலும்.

இந்த அணியைத் தொடர்ந்து பார்க்க விரும்பினால் ஒரு யோசனை. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை 2025 முதல் ஆண்டுதோறும் மொராக்கோவில், இருபத்து நான்கு அணிகளோடு நடக்கிறது. முன்பு இரண்டாண்டுக்கு ஒரு முறை. அதனால் தகுதிச் சுற்றும் ஆண்டுதோறும் வருகிறது, கரீபியன் சிறுமிகளுக்கு உண்மையான ஆட்டங்களும் முன்பைவிட அதிகம் கிடைக்கின்றன. 2018 அணியை எதிர்பாராமல் பார்த்தவர்களைப் போல நீங்களும் ஒரு பதினாலு வயதுப் பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், தேட வேண்டிய இடம் உலகக் கோப்பை இல்லை. யாரும் ஒளிபரப்ப ஆசைப்படாத அந்தத் தகுதிச் சுற்று ஆட்டங்கள்தான்.